எடைக்குரலுக்கு யார் பொறுப்பு

தம்பி,

நீ அரியலூரில் சென்னைக்கு ரயில் ஏறிப் போனதிலிருந்து உன்னிடம் சொல்ல நினைத்த எதையும் போனில் சொல்ல முடியவில்லை. நான் ஒன்றைத் தொடங்கினால் நீ, "அப்படி இல்லம்மா" என்கிறாய். உடனே எனக்கு எல்லாம் மறந்துவிடுகிறது. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது என்பதால் நான் சொல்லச் சொல்லப் பாப்பா எழுதுகிறாள். நான் ஐந்தாவதோடு நின்றவள். உன் தங்கை பத்தாவதோடு நின்றவள். ஆனாலும் அவள் எழுத்து உன் எழுத்தைவிடத் தெளிவாக இருக்கும் என்பது உனக்கே தெரியும். நான் வூடு என்றால் அவள் வீடு என்று எழுதுகிறாள். எழுதிக்கொள்ளட்டும். உன் மென்பொருளை உலகத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கிற இடத்தில் வைத்திருக்கிறாயே, இந்தக் கடிதத்தையும் அங்கேயே வைத்துவிடு. யார் படித்தாலும் எனக்கு வெட்கமில்லை. பாப்பாவுக்குத்தான் வெட்கம். அவள் பெயரை எழுதக் கூடாது என்றாள். அவள் பெயர் இல்லாத கடிதத்தில் மற்றவர்கள் பெயர் மட்டும் எதற்கு என்று யார் பெயரையும் எழுதவில்லை.

திங்கட்கிழமை அந்தக் கம்பெனியில் கையெழுத்துப் போடப் போவதாகச் சொன்னாய். எடை மிஷின் விற்கிற கம்பெனி. உனக்கு வேலை தருவார்கள். அதற்குப் பதிலாக நீ எழுதிய எடைக்குரல் இனிமேல் அவர்களுடையது ஆகிவிடும். "போடட்டுமாம்மா?" என்று கேட்டாய். "உன் இஷ்டம்" என்றேன். அது பதில் இல்லை, தெரியாததை மறைக்கிற பேச்சு. இந்தக் கடிதத்தின் கடைசியிலும் எனக்குப் பதில் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நீ போன பிறகு நான் இங்கே ஒரு காரியம் செய்துவிட்டேன். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அது உனக்குத் தெரிய வேண்டும்.

வெளியார் படித்தாலும் புரிய வேண்டும் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். பெரம்பலூர் மண்டியில் நான் வெங்காயத்தின் தாளையும் வேரையும் அறுத்துச் சுத்தம் செய்கிற வேலை பார்க்கிறேன். நீ காலேஜ் லீவில் அதே மண்டியில் சீட்டு எழுத வந்தாய். மூட்டையைத் தராசில் வைப்பார்கள், சிவப்பு எழுத்தில் எடை ஓடும், குமாஸ்தா பார்த்து எழுதுவார். கொண்டுவந்த விவசாயி கூட்டத்துக்குப் பின்னால் எக்கிக்கொண்டு நிற்பார். நாள் முழுக்க வெயிலில் நின்ற கண்ணுக்கு அந்த எழுத்து தெரியாது. தெரிந்தாலும் கேட்கப் பயம். நீ வீட்டுக்கு வந்து, "தராசு வாய விட்டுப் பேசினா என்னம்மா?" என்றாய். "பேசினா நல்லாத்தான் இருக்கும், முதலாளிக்குத்தான் வயித்த கலக்கும்" என்றேன். நீ சிரிக்கவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, தராசில் ஏறுகிற எடையைத் தமிழில் சத்தமாகச் சொல்லவும் சீட்டு அடித்துத் தரவும் வைத்துவிட்டாய். அதற்கு எடைக்குரல் என்று பெயரும் வைத்தாய். முதலாளிக்கு வயிறு கலங்கவில்லை. பேசுகிற தராசு இருக்கிற கடை என்று குன்னம் பக்கத்திலிருந்தெல்லாம் அவருக்கு வண்டி வந்தது. பக்கத்துக் கடைக்காரர்கள் கேட்டார்கள், கொடுத்தாய். வேறு மாநிலத்தில் கேட்டார்கள், கொடுத்தாய். ஜெயங்கொண்டத்து வாத்தியார் ஒருவர் சீட்டு அடிக்கிற பகுதியைச் சீர்செய்து கொடுத்தார். முகம் பார்க்காத வடநாட்டுப் பையன் ஒருவன் வேறு ஏதோ செய்து கொடுத்தான்.

குரலுக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. அப்போது பாப்பா ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். ஃபேன் சத்தம் விழுகிறது என்று ஃபேனை நிறுத்தினாய். ஆடு கத்துகிறது என்று என்னைத் தெருமுனைக்கு ஓட்டிக்கொண்டு போகச் சொன்னாய். அவளைக் கம்பளிக்குள் உட்காரவைத்து ஒன்றிலிருந்து எண்ணச் சொன்னாய். உள்ளேயிருந்து அவள் வேர்வையோடு உன்னிடம் சண்டை போட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"அம்பதுன்னு சொல்லாத பாப்பா. ஐம்பதுன்னு சொல்லு."

"மண்டியில யாரு ஐம்பதுன்னு சொல்றா?"

"கம்ப்யூட்டர் பேசறப்ப ஒழுங்கா பேசணும்."

"அப்ப கம்ப்யூட்டரையே பேசச் சொல்லு. நான் வெளிய வரேன்."

கடைசியில் அம்பதுதான் நின்றது. வகுப்பில் எழுந்து பதில் சொல்ல நாக்கு வராது என்பதற்காகவே பத்தாவதோடு பள்ளிக்கூடம் போதும் என்றவள், உன்னிடம் மட்டும் அன்றைக்கு ஒரு எழுத்தைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. இப்போது அதே மண்டியில் உள்ளறையில் உட்கார்ந்து விவசாயிகள் பெயரைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறாள். வெளியே ஸ்பீக்கரில் அவள் குரல் எடை சொல்கிறது. உள்ளே அவள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. (இதையும் எழுது என்று நான்தான் சொன்னேன். அவளுக்கு எழுத மனமில்லை.)

நீ இதற்குக் காசு வாங்க மாட்டேன் என்றபோது எனக்குக் குழப்பம் தொடங்கியது. இதற்குக் கட்டற்ற மென்பொருள் என்று பெயர் என்றாய். கட்டு அற்றது என்றால் கட்டணம் இல்லாதது என்று நினைத்தேன். "அப்படி இல்லம்மா, காசு வாங்கலாம், தப்பில்ல. ஆனா உள்ள என்ன இருக்குன்னு யாரும் பாக்கலாம், மாத்தலாம், அடுத்தவங்களுக்குக் குடுக்கலாம். அதத் தடுத்துக் கட்டக் கூடாது" என்றாய். அப்படியானால் கட்டுத்தறியில் கட்டாத மாடு மாதிரியா என்று கேட்டேன். அதுவும் இல்லை என்றாய். கட்டாத மாடு ஊரான் கொல்லையில் மேயும், இது யார் கொல்லையிலும் மேயாது, எல்லாருக்கும் பால் கறக்கும் என்றாய். பால் சரி, தீனி யார் போடுவது என்று கேட்டேன். நீ சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாய். உன் அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவர், அவருக்கு இன்னொரு குழப்பம். "லைசென்ஸ் இருக்குன்னு சொல்றான். லைசென்ஸ்னா ஓட்டறவன் கையில இருக்கணும். இவன் லைசென்ஸ ஊருக்கே குடுத்திருக்கேங்கறான். அப்ப வண்டி யாரு ஓட்டறா?" என்று சாப்பிடும்போதெல்லாம் கேட்பார். நாங்கள் கேலி பேசினோம் என்று நீ நினைத்திருப்பாய். கேலி கொஞ்சம் இருந்தது. மிச்சமெல்லாம் உண்மையாகவே புரியாததுதான்.

நீயும் முயற்சி செய்யாமல் இல்லை. உங்களால் முடிந்ததைக் கொடுங்கள் என்று எடைக்குரலின் முதல் பக்கத்திலேயே எழுதிவைத்தாய். ஒரு கடைக்காரரும் கொடுக்கவில்லை. முடிந்ததைக் கொடு என்றால் இப்போது முடியவில்லை என்று சொல்ல வழி இருக்கிறதே. பிறகு சங்கமாகப் பதிவு செய்தால் பேங்கில் கணக்குத் தொடங்கலாம், யார் கொடுத்தாலும் கணக்கு காட்டி வாங்கலாம் என்று விசாரித்துவிட்டு வந்தாய். அதற்கு ஏழு பேராவது கையெழுத்துப் போட வேண்டுமாம். "ஏழு பேருக்கு நான் எங்கம்மா போவேன்?" என்றாய். இத்தனை ஊரில் இத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், ஏழு பேர் கிடைக்கமாட்டார்களா என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. உன் முகம் கேட்கிற மாதிரி இல்லை.

இப்போது நான் செய்த தவறுக்கு வருகிறேன். போன வெங்காய சீசனில் ஒரு சந்தை நாளில் எடைக்குரல் நின்றுபோனது. நீ வீட்டிலிருந்தபடியே சரிசெய்தாய். சாயங்காலம் முதலாளி ஒரு சாக்கு வெங்காயத்தை லோடு ஆட்டோவில் அனுப்பிவைத்தார். நீ வேண்டாம் என்றாய். நான் இறக்கிவைத்தேன். மறுநாள் சாக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நிறைந்து வந்தது வெறுமையாகத் திரும்பக் கூடாது என்பது நம் பழக்கம். ஒரு சொம்பு பால் வந்தாலும் சொம்பில் ஒரு பிடி அரிசியாவது போட்டு அனுப்புகிறவள் நான். அன்று வீட்டில் எதுவும் இல்லை. சோளம் இன்னும் அறுப்புக்கு வரவில்லை. சாக்கை மடித்து எடுத்துக்கொண்டு போய் நின்றேன்.

"எதுக்கு முதலாளி இதெல்லாம்?"

"இருக்கட்டும்மா. உன் மவன் இல்லன்னா நேத்து யாவாரமே இல்ல. சரி, இன்னொரு நாளு இப்படி நின்னுபோச்சுன்னா?"

கையில் வெறும் சாக்கு. அதில் போட்டுக் கொடுக்க என்னிடம் இருந்தது வாய் வார்த்தைதான். "நிக்காதுங்க. எது ஆனாலும் என் புள்ள பொறுப்பு" என்று சொல்லிவிட்டேன். சாக்கு நிறைந்த மாதிரி எனக்கே சந்தோஷமாக இருந்தது. அதன் பிறகு அவர் உன்னை நேரம் காலம் இல்லாமல் கூப்பிட்டார். தராசு நின்றால் கூப்பிட்டார், பிரிண்டரில் பேப்பர் தீர்ந்தால் கூப்பிட்டார், தன் மகள் போனில் படம் வரவில்லை என்று கூப்பிட்டார். நீ ஏன் போகிறாய் என்று உனக்கே தெரியாமல் போனாய். வெங்காயம் ஒரு மாதத்தில் தீர்ந்துவிட்டது, வார்த்தை தீரவில்லை. உனக்கு இதை நான் சொல்லவும் இல்லை.

பிறகு அந்தச் சாக்கு விவகாரம் வந்தது. மூட்டையின் எடையில் வெறும் சாக்கின் எடையைக் கழிப்பார்கள், அது மண்டி வழக்கம். குமாஸ்தா கையால் கழித்து எழுதுவதில் தப்பு வருகிறது என்று, எடைக்குரலே கழித்துவிட்டுச் சொல்லும்படி நீ மாற்றினாய். மாற்றியதை எழுதவேண்டிய இடத்தில் எழுதியும் வைத்தாய். மண்டியில் யார் அதைப் படிக்கிறார்கள்? தராசு கழித்துச் சொன்ன எடையிலிருந்து குமாஸ்தா பழைய வழக்கப்படி இன்னொரு தடவை கழித்துச் சீட்டில் கையால் எழுதினார். சில சந்தை நாள்கள் அப்படியே ஓடிவிட்டன. குன்னத்திலிருந்து வந்த ஒரு அக்காதான் கண்டுபிடித்தாள். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "பொட்டி சொன்னது ஒண்ணு, தாளுல இருக்கறது ஒண்ணு. ஒரு சாக்குக்கு ரெண்டு தடவ கழிப்பீங்களா? ஒரு சாவுக்கு ரெண்டு கருமாதியா?" என்று மண்டி நடுவில் நின்று கத்தினாள். கூட்டம் கூடிவிட்டது. நான் வெங்காயக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டேன். உள்ளறையில் பாப்பா கதவைச் சாத்திக்கொண்டாள். பொய் சொன்னது தன் குரல் என்று அவள் நினைத்துக்கொண்டாள் போல. குரல் சொன்னது சரியான எடைதான் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, அப்போது எனக்கும் தெரியாது.

முதலாளி எல்லாருக்கும் குறைந்ததைச் சரிசெய்து கொடுத்தார், எடைக்குரலை நிறுத்திவைத்துவிட்டு உன்னை வரவழைத்தார். நீ போனில் இருந்த உன் லைசென்ஸைத் தமிழில் வாசித்துக் காட்டினாய். உள்ளது உள்ளபடியே தரப்படுகிறது, எந்த உத்தரவாதமும் இல்லை என்று. பின்னால் இதைக் கேட்ட உன் அப்பா, "பழைய லாரி விக்கறவன் பேச்சு மாதிரியே இருக்கேடா" என்றார். முதலாளி அப்படிக்கூடச் சொல்லவில்லை. "நீ எழுதுனத நான் படிக்கல தம்பி. உங்கம்மா சொன்னதக் காதால கேட்டேன். என் புள்ள பொறுப்புன்னு சொல்லுச்சா இல்லையா, கேளு" என்றார். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். அதில் இருந்தது குழப்பம். எழுதிவைத்தது பெரிதா, சொன்னது பெரிதா? குமாஸ்தா தவறா, உன் தவறா, படிக்காத முதலாளி தவறா? கொடுத்த நீ பொறுப்பா, வாங்கிய அவர் பொறுப்பா? இன்றைக்கு வரை எனக்கு விளங்கவில்லை. உனக்கும் விளங்கவில்லை என்பது அன்று முதல் நீ சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்ததில் தெரிந்தது.

அப்புறம்தான் கம்பெனிக்காரர் காரில் வந்தார். சம்பளம் சொன்னார், நீ அசையவில்லை. சென்னையில் இடம் தருவதாகச் சொன்னார், அசையவில்லை. "இனிமே பொறுப்பு எங்களோடது சார், நீங்க நிம்மதியா கோட் எழுதுங்க" என்றார். அப்போதுதான் உன் தோள் கீழே இறங்கியது. டீ கொண்டுவந்தபோது நான் பார்த்தேன். நீ காசுக்காகப் போகவில்லை. அந்த ஒரு வார்த்தைக்காகப் போகிறாய். அந்த வார்த்தையை உன் தலையில் ஏற்றிவைத்தவள் நான்.

அவர் போன பிறகு கேட்டேன், இனி எல்லாரும் காசு கொடுக்க வேண்டுமா என்று. பழையது அப்படியே எல்லாருக்கும் பொதுவாக இருக்கும், இனி எழுதப்போகிற புதியது மட்டும் அவர்களுடையது, பூட்டிவைப்பார்கள் என்றாய். நேற்று வரை பொது, நாளையிலிருந்து தனி, ஆனால் ஒரே பொருள். குளத்தைப் பொதுவில் விட்டுவிட்டு இனி பெய்கிற மழையை மட்டும் விற்பது மாதிரியா? "அப்படி இல்லம்மா" என்றாய்.

கட்டுவது, கட்டாதது என்று யோசித்துக்கொண்டே இருந்ததில் எனக்குத் தலைக்கட்டு வரி நினைவுக்கு வந்தது. ஊர்த் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வாங்குவார்கள் அல்லவா? நம் தெருவில் மட்டும் வாங்க மாட்டார்கள். நான் பிறந்த ஊரிலும் அப்படித்தான். சின்ன வயதில் அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அவர்கள் காசு கட்டித் திருவிழா பார்க்கிறார்கள், நாம் சும்மாவே பார்க்கிறோம் என்று. கல்யாணமாகி வந்த பிறகு உன் அப்பா ஒரு வருடம் லாரிச் சம்பளத்தில் வரியை எடுத்துக்கொண்டு போனார். வாங்கவில்லை. "உங்களுக்கு எதுக்கப்பா சிரமம், சும்மா வந்து பாருங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்களாம். வீட்டுக்கு வந்து அவர் சாப்பிடவில்லை. வரி வாங்கினால் தேர் எந்தத் தெருவுக்கு வரும் என்று பேசுகிற இடத்தில் நமக்கும் இடம் கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் நமக்கு இலவசம். அன்றைக்குத்தான் எனக்கு அது புரிந்தது.

நீ கொடுக்கிற இலவசம் அப்படிப்பட்டது இல்லை, எனக்குத் தெரியும். உன்னுடையதில் சும்மா வாங்கிக்கொள்கிறவனும் உள்ளே வந்து பார்க்கலாம், கேட்கலாம், மாற்றலாம். ஆனாலும் ஒருவரும் உள்ளே வரவில்லையே தம்பி, மண்டியில் ஒருவரும். சும்மா கிடைத்தது, எடுத்துக்கொண்டார்கள். கெட்டால் உன்னைக் கூப்பிட்டார்கள். காசு கட்டியிருந்தால் வந்து உட்கார்ந்து பேசியிருப்பார்களோ? அல்லது காசு கட்டிய திமிரில் உன்னை இன்னும் விரட்டியிருப்பார்களோ? இரண்டும் நடக்கும் என்றுதான் தோன்றுகிறது.

நேற்று நான் செய்த காரியம் இதுதான். வேலை முடிந்து அரிவாளைக் கழுவி வைத்துவிட்டு, முதலாளி கல்லாவில் இருக்கும்போது, ஆள்கள் எல்லாம் இருக்கும்போதே போய் நின்றேன். சொன்னதைச் சொன்ன இடத்தில்தானே திருப்பி வாங்க வேண்டும்?

"முதலாளி, என் புள்ள பொறுப்புன்னு அன்னிக்குச் சொன்னேன்ல, அதத் திருப்பி வாங்கிக்கறேன்."

என்னோடு வெங்காயம் அறுக்கிறவள் பின்னாலிருந்து, "ஏண்டி, இது என்ன எலெக்‌ஷன் நாமினேஷனா, வாபஸ் வாங்கறதுக்கு?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை.

"அப்ப எனக்கு யாரும்மா பொறுப்பு?"

"தெரியலைங்க."

"தெரியாம எதுக்கு வந்த?"

"என் புள்ள இல்லன்னு சொல்ல வந்தேன். யாருன்னு சொல்ல வரலைங்க."

வாக்கைத் திருப்பி வாங்குவது எவ்வளவு கேவலம் என்று உனக்குத் தெரியும். ஆனால் அவர் திட்டவில்லை. "தராசுக்கு வருசா வருசம் முத்திரை போட ஆபீஸுக்குப் பணம் கட்டறேன். தராசுக்காரன் வந்து திருகிட்டுப் போனா அதுக்கும் பணம். வாய் பேசறதுக்கு மட்டும் ஒரு மூட்ட வெங்காயத்தோட முடிச்சுட்டேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு, "தலைக்கட்டு வரி மாதிரி கடைக்கட்டு வரி போட்டுக்கச் சொல்றியா?" என்றார். நான் அந்த வார்த்தையை வாயால் சொல்லவே இல்லை தம்பி, அவராகத்தான் சொன்னார்.

"சங்கமா பதியலாமாம். ஏழு பேரு வேணுமாம்" என்றேன்.

"இந்த ரோட்டுல ஏழு கடை இல்லாமலா போச்சு? சரி, வரி கட்டாதவன் கடையிலயும் அது பேசுமா?"

"பேசுங்க."

"அப்ப நான் எதுக்குக் கட்டணும்?"

அதற்கும் அவரே சொன்னார், "கெட்டுப்போனா உன் மவன் கட்டுனவன் கடைக்கு மொதல்ல வரணும். எத எப்ப மாத்தறதுன்னு என்னையும் ஒரு வார்த்தை கேக்கணும். அப்படின்னா யோசிப்பேன்." அப்படிச் சொல்லிவிட்டு இன்னொன்றும் சொன்னார். "கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுட்டா அவன் வர வேணாம். கம்பெனிக்காரன் வரட்டும், நான் வெல பேசிக்கறேன். பிடிக்கலன்னா வேற கம்பெனி."

இதை அவர் செய்வாரா, பேசியதோடு விட்டுவிடுவாரா, எனக்குத் தெரியாது. மற்ற கடைக்காரர்கள் சம்மதிப்பார்களா தெரியாது. சம்மதித்தாலும் அது உனக்குச் சோறு போடுமா என்பதும் தெரியாது. சென்னைச் சம்பளம் மாதம் பிறந்தால் வரும். இந்தக் கடைக்கட்டு வெங்காய விலை மாதிரி ஏறும் இறங்கும். அதனால் கையெழுத்துப் போடாதே என்று நான் சொல்லவில்லை. போடு என்றும் சொல்லவில்லை. ஒன்று மட்டும் தெரிந்துகொள். யார் பொறுப்பு என்ற கேள்விக்குப் பயந்து போகாதே. நான் உன் தலையில் ஏற்றியதை இறக்கிவிட்டேன். உன் லைசென்ஸில் நீ எழுதியது மட்டும்தான் இப்போது உன் வார்த்தை. அதற்கு மேல் நீ யாருக்கும் எதையும் பேசிக் கொடுக்க வேண்டுமானால் தனியாக நின்று பேசாதே, கூட ஆறு பேரை வைத்துக்கொண்டு தாளில் எழுதிப் பேசு. இனி நீ என் சொல்லால் கட்டப்பட்டவன் இல்லை. கட்டற்றது என்றால் இதுதானா என்று பாப்பாவிடம் கேட்டேன். தெரியவில்லை என்கிறாள்.

இன்னொன்று. எடைக்குரலுக்குச் செய்து கொடுத்தவர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டால்தான் கம்பெனிக்குக் கொடுக்க முடியும் என்றாயே, அவர்கள் எல்லாரிடமும் வாங்கியாயிற்றா என்று போனில் கேட்டேனே. வாத்தியார் போட்டுவிட்டார், வடநாட்டுப் பையன் யோசிக்கிறான், அவன் சொல்லிவிட்டால் எல்லாரும் முடிந்தது என்றாய். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். பாப்பா தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். எதற்கு என்று அப்போது எனக்குப் புரியவில்லை. கேட்டேன், ஒன்றுமில்லை என்றாள். இதை எழுதும்போதும் ஒன்றுமில்லை என்றுதான் சொல்கிறாள். ஆனால் பேனா நிற்கிறது. நான் போய் அடுப்பைப் பார்க்கிறேன். அவளுக்கு ஏதாவது எழுத வேண்டுமானால் எழுதட்டும்.

அண்ணா, அம்மா எழுந்து போய்விட்டாள். இனி எழுதுவது நான்.

இன்று மண்டியில் எடைக்குரலை மறுபடியும் போட்டார்கள். குன்னத்து அக்கா வந்திருந்தாள். அவள் மூட்டையை வைத்ததும் அது எடையைச் சொன்னது. இரண்டாவது முறை வைக்கச் சொன்னாள், மறுபடியும் அதையே சொன்னது. "இந்தப் பொண்ணு பொய் சொல்லாது, எழுதறவந்தான் சொல்லுவான்" என்று ஸ்பீக்கரைப் பார்த்துச் சொன்னாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தேன். அந்தப் பொண்ணு நான்தான் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது.

வாத்தியார் எழுதியதற்கு வாத்தியாரிடம் கேட்டாய். அந்தப் பையன் எழுதியதற்கு அவனிடம் கேட்டாய். அம்பதைச் சொன்னது நான். கம்பெனிக்குப் போனாலும், சங்கத்துக்குப் போனாலும் அது நான் சொன்னதுதான். கேட்டால் நான் சரி என்பேனா, மாட்டேன் என்பேனா, எனக்கே தெரியவில்லை. ஆனால் திங்கட்கிழமைக்கு முன்னால் என்னிடமும் ஒரு வார்த்தை கேள்.